திண்ணைக்குக் கம்பி! திருடனுக்குக் கொண்டாட்டம்!

திண்ணையை அடைத்துவிட்டால் வீடு பத்திரம் என்று யார் சொன்னது?

திருவக்கரை, மயிலம், திண்டிவனம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்கள். தெருத் திண்ணையைச் சுற்றிக் கம்பி கிரில். தாழ்வாரத்து ஓட்டைப் பிரித்துவிட்டு சிமெண்டு ஷீட். "ஒரு ரூம் கெடைச்சுது" என்று வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்!

சித்திரை வெயிலில் அந்த ரூமில் பத்து நிமிஷம் உட்கார முடியுமா? அடுப்புதான்! கடைசியில் ஓட்டை சைக்கிளும் உர மூட்டையும்தான் அங்கே குடியிருக்கின்றன.

கேட்டால், "திருட்டு பயம் சார்" என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் தாத்தா திண்ணையில் படுத்திருந்தவரை, தெருவில் புது ஆள் நுழைந்தால் "யாருப்பா அது, யார் வூட்டுக்கு?" என்று குரல் வரும். சம்பளம் வாங்காத காவல்காரர்! இன்று அவர் உள்ளே டி.வி. முன்னால். திண்ணையிலோ வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய். அதற்குப் பின்னால் ஒருவன் நின்று பூட்டை உடைத்தால் எதிர்வீட்டுக்கே தெரியாது.

பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்க வரும் வயசான பெண்கள் சற்று உட்காரவும் இடமில்லை.

திரும்பத் திறக்க முடியுமா? பக்கத்துப் புதுச்சேரியில் செய்து காட்டிவிட்டார்கள். வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய யூனியன் உதவியோடு பழைய வீடுகளின் திண்ணை, தாழ்வாரத்தைச் சீர்செய்தது. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

இங்கே விருது வேண்டாம். நல்ல கொத்தனார் போதும். முதலில் தூணின் அடியைத் தட்டிப் பார்க்க வேண்டும். தரையை உயர்த்திச் சிமெண்டு போட்ட வீடுகளில் மரத்தூணின் கால் புதைந்து, ஈரம் ஏறி உளுத்திருக்கும். உளுத்ததை அறுத்து, கல் பீடத்தின் மேல் நிறுத்த வேண்டும். (கல்லாகிப்போன மரம் திருவக்கரையில் நிறைய உண்டு. 2 கோடி ஆண்டுகள் ஆகியும் கரையான் தொடவில்லை. அதில் கை வைக்கக் கூடாது, அரசாங்கச் சொத்து!)

சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசுவதுதான் பெரிய தப்பு. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் காரை பெயர்ந்து விழும். சிமெண்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பே பூச வேண்டும். ஷீட்டை இறக்கி ஓடு வேய்ந்தால் சூடு தணியும்.

கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகும். பிரித்த கம்பி வீணாகாது. அளவுக்கு வெட்டி நிலைவாசலுக்கும் ஜன்னலுக்கும் மாட்டிக்கொள்ளலாம். வெல்டிங் பட்டறைக்காரர் ஒரு நாளில் முடித்துக் கொடுப்பார்.