கணனியை நிறுத்திய பின்னும் ஓடும் செய்நிரல்

சென்ற யூலை மாதத்து வெக்கையில் ஓரிரவு எமது வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் கதவு விடியும்வரை திறந்தே கிடந்தது. தோசைமாச் சட்டியை யாரோ அவசரத்தில் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அதன் கைபிடி கதவைத் தடுத்து நின்றிருக்கிறது. ('யாரோ' என்று எழுதுவது பத்திரிகைக்காக, தள்ளியவர் நாமே.) மா புளித்துப் பொங்கியது பெரிதன்று. எமது தாயாருக்கு வேண்டிய மூன்று மாத இன்சுலின் அப்பெட்டிக்குள் இருந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். அன்று வீட்டினுள் வெப்பம் 30 பாகையைத் தாண்டியிருந்தது. மருந்தாளரிடம் கேட்டபோது, பயன்படுத்த வேண்டாம் என்றார். அத்தனையையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பினோம்.

பத்தாம் வகுப்பிற் படிக்கும் எமது மகன், கதவு ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் ஒலியெழுப்பும் கருவியொன்றைத் தானே செய்வதாகச் சொன்னான். அவனிடம் பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக வாங்கிய 'ஆர்டுயினோ ஊனோ' என்னும் பலகை இருந்தது. ஒளியுணர் தடையி ஒன்றையும் சிறிய ஒலிப்பான் ஒன்றையும் அதில் இணைத்தான். குளிர்சாதனப்பெட்டிக்குள் விளக்கு எரிந்தால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். வெளிச்சம் ஒரு நிமிடம் நீடித்தால் ஒலிக்க வேண்டும். கணனியிற் செய்நிரலை எழுதி, யு.எஸ்.பி. கம்பி வழியாக அனுப்பினான். மேசைவிளக்கை அதன்மேற் பிடித்தோம். ஒரு நிமிடத்தில் ஒலித்தது.

வரலாறும் தமிழும் கற்பித்து வந்த எமக்கு அப்போது தோன்றிய ஐயம், இப்பத்தியை வாசிக்கும் பெற்றோர் பலருக்கும் தோன்றக்கூடியது. கணனியை நிறுத்தினால் இது எல்லாவற்றையும் மறந்துவிடாதா? குளிர்சாதனப்பெட்டிக்குள் கணனியையும் வைக்க முடியுமா?

"மறக்காது அப்பா. நிரல் இப்ப கணனியில ஓடேல்லை, இதுக்குள்ளதான் ஓடுது" என்று பலகையிலிருந்த கறுப்புப் பூரானைத் தொட்டுக் காட்டினான். இருபுறமும் பதினான்கு பதினான்காக இருபத்தெட்டுக் கால்கள். அதுவே நுண்கட்டுப்படுத்தி. தமிழில் இதனைச் 'சில்லு' என்று எழுதுவோரும் உளர். ஆனால் சில்லு என்றவுடன் எம்மவர்க்கு மாட்டுவண்டியே நினைவுக்கு வருமாதலால் நாம் 'சிப்' என்றே எழுதுகிறோம்.

இந்தச் சிப்பின் பெயர் அற்மெகா 328பி. நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரில் இரு பொறியியல் மாணவர்கள் வகுத்த அமைப்பின் வழிவந்தது இது. அற்மெல் என்னும் நிறுவனம் ஆக்கி விற்று வந்தது. 2016 இல் அற்மெல்லை மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இதனைத் தாங்கும் ஆர்டுயினோப் பலகையோ இத்தாலியின் இவ்ரேயா நகரிலிருந்த வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் 2005 இல் பிறந்தது. மின்னியல் அறியாத வடிவமைப்பு மாணவர்களும் கையாளத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கலைப்பட்டதாரியாகிய எமக்கு இச்செய்தி ஓரளவு தெம்பளித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கணனியின் பங்கு ஏற்றிவிடுவதுடன் முடிந்துவிடுகிறது. நாம் எழுதும் மூலக் குறிமுறையை அது இயந்திர மொழிக்கு மாற்றிச் சிப்பின் 'பிளாஷ்' நினைவகத்திற் பதிக்கிறது. மின்சாரம் நின்றாலும் அப்பதிவு அழிவதில்லை. சாதாரண அறை வெப்பத்தில் நூறாண்டு வரை தங்கும் என்றும், பத்தாயிரம் தடவை அழித்து எழுதலாம் என்றும் ஆக்கியோர் குறித்துள்ளனர். மின்சாரம் மீண்டும் வந்ததும் சிப் முதல் வரியிலிருந்து தொடங்கும். ஆயத்தப் பகுதியை ஒரு தடவை நிறைவேற்றிவிட்டு, அடுத்த பகுதியை மின்சாரம் உள்ளவரை சுற்றிச் சுற்றிச் செய்துகொண்டிருக்கும். திரையும் விசைப்பலகையும் அதற்கு வேண்டியதில்லை. பிளாஷின் கொள்ளளவு 32 கிலோபைற். இன்றைய யூனிகோட் முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைற் சென்றாலும், நீங்கள் வாசிக்கும் இப்பத்தி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். கதவைக் காக்கும் செய்நிரலோ இரண்டு கிலோபைற்றைக்கூட எட்டவில்லை.

ஆறு பற்றரிகளை மாட்டிப் பலகையைக் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். பலகையில் சிப் மாத்திரம் இல்லை. கணனியுடன் பேசுவதற்கு இன்னொரு சிப், மின்னழுத்தத்தைச் சீராக்கும் உறுப்பு, எந்நேரமும் எரியும் சிறு விளக்கு ஆகியனவும் உள்ளன. எல்லாமாகச் சேர்ந்து ஏறத்தாழ 50 மில்லியம்பியர் குடிக்கின்றன. பற்றரியின் இருப்பு 2000 மில்லியம்பியர்-மணி என்று கொண்டால் நாற்பது மணித்தியாலம் வரும். பலகை கற்பதற்கான வாங்கு. வீட்டிற் பொருத்துவதற்கு உரியதன்று. தொழிலுக்கு வேண்டியது அந்தக் கறுப்புப் பூரான் மாத்திரமே. அதன் விலை சில டொலர்கள்; பலகையின் விலை அதனைப்போலப் பன்மடங்கு. பிள்ளை செய்யும் ஒவ்வொரு கருவிக்கும் புதுப் பலகை கேட்டால் எந்த வீடு தாங்கும்?

மகன் இரண்டு வெற்றுச் சிப்புகளை வாங்கி வந்தான். பற்றாசு வைக்காமல் கம்பிகளைச் செருகும் துளைப்பலகையில் ஒன்றைப் பொருத்தினான். கால்களை எண்ணும் முறையை முதலிற் சொல்லிவிட வேண்டும். சிப்பின் ஒரு முனையில் அரைவட்டப் பள்ளம் உண்டு. அதனை மேற்புறமாக வைத்துப் பார்த்தால் அதன் இடப்பக்கக் கால் முதலாவது. அங்கிருந்து கீழே இறங்கி வலப்பக்கமாக மேலேற வேண்டும். கோவில் வீதியை நாம் வலம்வரும் திசைக்கு நேரெதிர். பள்ளம் இல்லாப் பக்கத்தை மேலாக்கிச் செருகினால் சிப் கெடவும் கூடும்.

ஏழாம், இருபதாம் கால்களுக்கு நேர் மின். எட்டாம், இருபத்திரண்டாம் கால்களுக்கு மறை மின். முதலாம் காலை 10 கிலோஓம் தடையி வழியாக நேர் மின்னுடன் இணைக்க வேண்டும். இன்றேல் சிப் காரணமின்றி மீண்டும் மீண்டும் முதல் வரிக்கே திரும்பிக்கொண்டிருக்கும். இனி, வெற்றுச் சிப்பில் நிரலை ஏற்றுவது எங்ஙனம்? பழைய பலகையே ஏற்றியாகப் பணிபுரியும். ஆர்டுயினோ மென்பொருளின் மாதிரிகளில் 'ஆர்டுயினோ ஐ.எஸ்.பி.' என்னும் நிரல் உண்டு. அதனைப் பலகையில் ஏற்றிவிட்டு, பலகையின் 10, 11, 12, 13 ஆம் முனைகளை முறையே சிப்பின் 1, 17, 18, 19 ஆம் கால்களுடன் இணைக்க வேண்டும். சிப்புக்கு வேண்டிய 5 வோல்ற்றையும் பலகையிலிருந்தே எடுக்கலாம். இரண்டின் மறை மின்னும் ஒன்றாய் இணைந்திருக்க வேண்டும். பலகையின் மீளமைப்பு முனைக்கும் மறை மின்னுக்கும் இடையில் 10 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றையும் வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், கணனி பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பலகை தானே மீளத் தொடங்கி, வந்த செய்தியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் சரியாகவே செய்தான். மென்பொருளின் பட்டியலில் 'ஊனோ' என்று தெரிந்து, சிப்பை ஆயத்தப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தான். வெற்றி என்று திரை சொன்னது. அடுத்ததாகச் செய்நிரலை ஏற்ற முயன்றபோது சிப்பின் அடையாளக் குறியீடு தவறு என்று வந்தது. கம்பிகளைக் கழற்றி மாட்டினான், அதே பதில். இரண்டாவது சிப்பைப் பொருத்தினான். அதுவும் ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு ஊமையானது. "விக்கிறவை பழுதானதைத் தந்து ஏமாத்திப் போட்டினம்" என்று இரண்டையும் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

நாம் அவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்தோம். ஒரு தடவை பதில் சொன்னது செத்தது எப்படி என்பது எமக்குப் பிடிபடவில்லை. வகுப்பில் முதல் நாள் ஒப்புவித்த பிள்ளை மறுநாள் வாய் திறக்காதிருந்தால், அதற்கு மறதி என்று பெயர் வைப்பதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்பதுதானே ஆசிரியத் தொழில். மறுநாள் இருவரும் அமர்ந்து சிப்பின் விவரக் கையேட்டைப் படித்தோம். விடை அங்கே இருந்தது.

எந்தச் சிப்புக்கும் ஒரு தாளம் வேண்டும். தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் அது ஓரடி வைக்கும். ஆலையிலிருந்து வரும் புதுச் சிப் தன்னுள்ளேயே இருக்கும் அலையாக்கியைக் கொண்டு செக்கனுக்குப் பத்து இலட்சம் தட்டில் நடக்கிறது. ஊனோப் பலகையிலோ 16 மெகாஹேட்ஸ் பளிங்கு ஒன்று வெளியே இருந்து தாளம் போடுகிறது. 'ஊனோ' என்று தெரிந்து ஆயத்தப்படுத்தியபோது, 'இனி உள்ளே கேளாதே, வெளியே இருக்கும் பளிங்கைக் கேள்' என்று சிப்புக்குச் சொல்லப்பட்டுவிட்டது. இக்கட்டளை பதியும் இடத்துக்குப் 'பியூஸ்' என்று பெயர். வீட்டுப் பியூஸ் போல எரிந்து போவதன்று. மாற்றி எழுதக்கூடிய ஓர் அமைப்பே. துளைப்பலகையிற் பளிங்கு இல்லை. ஆகவே சிப் வராத தாளத்துக்குக் காத்து நின்றதேயன்றிச் சாகவில்லை.

மூன்றாம் நாள் பளிங்கு ஒன்று வாங்கி ஒன்பதாம், பத்தாம் கால்களுக்கிடையே வைத்து, இரு பக்கமும் 22 பிக்கோபரட் கொள்ளளவிகளை மறை மின்னுக்கு இறக்கினோம். குப்பைக்கூடைச் சிப்புகள் இரண்டும் பதில் சொல்லின. மகன் எம்மைப் பார்த்த பார்வையை இங்கு விவரிக்கப் போவதில்லை.

பளிங்கை அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். 16 மெகாஹேட்ஸில் ஓடுவதற்குக் குறைந்தது ஏறத்தாழ 3.8 வோல்ற்று வேண்டும். மூன்று பற்றரிகள் சற்றுத் தேய்ந்தாலே அதற்குக் கீழே போய்விடும். 8 மெகாஹேட்ஸுக்கோ 2.7 வோல்ற்றும் போதும். ஆகவே 'மினிகோர்' என்னும் இலவசத் தொகுதியை ஆர்டுயினோ மென்பொருளிற் சேர்த்து, உள்ளக 8 மெகாஹேட்ஸ் என்பதைத் தெரிந்து, பளிங்கு இருக்கும்போதே பியூஸை மாற்றினோம். பின்னர் பளிங்கைக் கழற்றினோம். முதலில் ஏற்றிப் பார்க்க வேண்டியது, செக்கனுக்கு ஒரு தடவை விளக்கை மினுக்கும் சிறு நிரல். எட்டுச் செக்கனுக்கு ஒரு தடவை மினுங்கினால் பியூஸ் மாறவில்லை, சிப் இன்னும் ஆலைத் தாளத்திலேயே நடக்கிறது என்று அறியலாம்.

கடைசி நிரலில் சிப் பெரும்பாலும் உறங்குகிறது. உள்ளிருக்கும் காவற் கடிகாரம் எட்டுச் செக்கனுக்கு ஒரு முறை அதனை எழுப்பும். வெளிச்சம் உண்டா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்கிவிடும். தொடர்ந்து எட்டு முறை வெளிச்சம் கண்டால் ஒலிக்கும். உறக்கத்திற் செலவாகும் மின்னை மைக்ரோஅம்பியரில் அளக்கலாம். ஓகஸ்டில் மாட்டிய மூன்று பற்றரிகளும் இன்னும் மாற்றப்படவில்லை.

வாங்க நினைப்போருக்கு ஒரு குறிப்பு. ஊனோப் பலகை எல்லாவற்றிலும் சிப்பைக் கழற்ற முடியாது. சிலவற்றில் அது சிறு சதுரமாகப் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருக்கும்; 2023 இல் வெளிவந்த ஆர்-4 வகையில் இருப்பது முற்றிலும் வேறு சிப். இருபத்தெட்டுக் கால் பூரான் குழியிற் செருகப்பட்டிருப்பதைப் பார்த்து வாங்கவும்.

இன்னொன்றும் உண்டு. சிப்பினுள் இருப்பது இயந்திர மொழி மாத்திரமே. அதனைத் திரும்ப வாசித்தாலும் பிள்ளை எழுதிய மூலக் குறிமுறை கிடைக்காது. அடுத்த ஆண்டு ஒரு நிமிடத்தை இரண்டாக்க விரும்பினாலும் மூலம் கையில் இருந்தாற்றான் எளிது. பத்திரங்களை விட்டுவிட்டு ஓடிவந்த எமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. மூலத்தைத் தாளில் அச்சிட்டு, எந்தக் கால் எங்கே செல்கிறது என்ற படத்துடன் கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டுவித்தோம். குறிமுறையின் விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதுமாறும் கேட்டோம். அவற்றைத் தொகுப்பி பொருட்படுத்துவதில்லை, எந்த மொழியிலும் எழுதலாம். 'குளிர்' என்பதை 'குழிர்' என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவாற் திருத்தியே ஒட்டினோம்.

இக்கருவி வெளிச்சத்தை மாத்திரமே அறியும் என்பதை மறக்கலாகாது. குளிர்சாதனப்பெட்டியின் விளக்கு எரிந்துபோனால் கதவு அகலத் திறந்திருந்தாலும் இது உறங்கும். கதவு நூலளவு விலகி, விளக்கின் ஆளி அமுங்கியபடி இருந்தாலும் அப்படியே. ஆதலால் இன்சுலின் தட்டில் பழையபடி வெப்பமானி ஒன்றும் கிடக்கிறது. தாயார் காலையும் மாலையும் பார்க்கிறார்.

கூடையிலிருந்து எடுத்த இரண்டாவது சிப்பில் வெப்பநிலை உணரி ஒன்றை இணைக்கும் வேலை இப்போது நடக்கிறது. அது சரிவந்ததும் அதன் கம்பிப் படத்தை இப்பக்கத்தில் வெளியிடுவோம்.