பதக்கம் யாருடையது?

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்ததும் தம்பலகாமத்து வயல்கள் விளையாட்டுத் திடல்களாகிவிடும். ஐ.பி.எல். போட்டிகள் தொடங்குவதும் அந்தக் காலத்தில்தான். பின்னேரம் வயலில் பந்தடித்துவிட்டு வரும் என் தம்பி, இரவில் மஞ்சள் சேட்டைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்றால் எங்கள் வீட்டில் இராச் சாப்பாட்டு வேளையில் பேச்சே இருக்காது. நானும் அந்த அணியின் இரசிகைதான். ஆகவே எதிரணிக்காரி எழுதிய கட்டுரை என்று யாரும் இதை ஒதுக்க வேண்டாம்.

கடந்த வருடம் தம்பியின் கழகம் 16 வயதுக்குட்பட்டோருக்கான உதைபந்தாட்டக் கிண்ணம் ஒன்றை வென்றது. தம்பிக்குக் கிடைத்த பதக்கத்தை உம்மா அலுமாரிக் கண்ணாடிக்குள் தொங்கவிட்டார். சில கிழமைகளுக்குப் பிறகுதான் உண்மை தெரிய வந்தது. வெற்றிக் கோலை அடித்த பையனுக்கு வயது 18. வேறொருவனின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைக் கொடுத்து அவனை விளையாட வைத்திருக்கிறார்கள். தம்பியிடம் கேட்டேன்.

"அது பெரியாக்கள் செஞ்ச வேல, ராத்தா. நான் ஓடி விளையாடினது பொய்யா?" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் அவன் கேட்டது பெரிய பெரிய அணிகளைப் பற்றியும் கேட்கப்பட்ட கேள்வி. ஒரு சிலர் செய்த மோசடி ஓர் அணியின் வெற்றி முழுவதையும் கறைப்படுத்துமா?

நமக்குப் பிடித்த அணியிலிருந்தே தொடங்குவோம். 2013 மே மாதம் சென்னை அணியின் நிர்வாகத்தோடு தொடர்புடைய குருநாத் மெய்யப்பன் சூதாட்டக் குற்றச்சாட்டில் மும்பைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டார். அவர் அப்போதைய இந்தியக் கிரிக்கெட் சபைத் தலைவர் என். சீனிவாசனின் மருமகன். அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் மட்டுமே என்று முதலில் சொல்லப்பட்டது. விசாரணை அதை ஏற்கவில்லை. அவர் அணியின் அதிகாரியாகவே செயற்பட்டார், பந்தயமும் கட்டினார் என்று கண்டது. 2015 ஜூலை 14ஆம் திகதி, இந்திய உச்ச நீதிமன்றம் நியமித்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் ஆகிய இரு அணிகளையும் இரண்டு ஆண்டுகளுக்கு இடைநிறுத்தியது. குருநாத்துக்குக் கிரிக்கெட் நடவடிக்கைகளில் ஈடுபட ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது.

சென்னை அணி 2010இலும் 2011இலும் வென்ற கிண்ணங்கள் பறிக்கப்படவில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். அவை மோசடியால் கிடைத்தவை என்று யாரும் நிரூபிக்கவில்லை. தடை முடிந்து திரும்பிய அணி 2018இல் சம்பியனானது. அந்த வெற்றியும் சுத்தமானதுதான். ஆனால் இரசிகர்களாகிய நாங்கள் ஒரு தவறு செய்தோம். அந்த இரண்டு ஆண்டுகளை ஏதோ அநியாயமாக அனுபவித்த வனவாசம் போலக் கதை சொல்லப் பழகிவிட்டோம். அது தண்டனை, அதற்கொரு காரணம் இருந்தது. தண்டனையை அனுபவித்த அணி கறையைக் கழுவிக்கொள்ளலாம். காரணத்தை மறைத்துக் கதை சொன்னால் அந்தக் கறை நம்மேல் ஒட்டிக்கொள்ளும்.

வெற்றியே மோசடியால் வந்திருந்தால் கதை வேறு. 1993 மே மாதம் பிரான்ஸின் மார்சேய் உதைபந்தாட்ட அணி ஏ.சி. மிலானை 1-0 என வென்று ஐரோப்பிய சம்பியன் ஆனது. அதற்கு ஆறு நாட்களுக்கு முன்னர், உள்நாட்டு லீக் போட்டியொன்றில் வலென்சியென் அணி வீரர்களுக்கு இலஞ்சம் கொடுக்க முயன்றது அம்பலமானது. பணத்தை ஏற்க மறுத்து உண்மையைச் சொன்னவர் வலென்சியென் வீரர் ஜாக் கிளாஸ்மன். மார்சேயின் பிரெஞ்சு லீக் பட்டம் பறிக்கப்பட்டது. அது வேறெந்த அணிக்கும் கொடுக்கப்படவில்லை. அந்த வருடத்துக்கு இன்றுவரை பிரெஞ்சு சம்பியன் இல்லை. அணி இரண்டாம் பிரிவுக்கும் இறக்கப்பட்டது. ஐரோப்பியக் கிண்ணம் மட்டும் அவர்களிடமே இருக்கிறது. ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வலென்சியெனைப் பற்றியும் பேசாமல் விடுவதில்லை.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. உண்மை சொன்ன கிளாஸ்மனை மைதானங்களில் பார்வையாளர்கள் கூச்சலிட்டு அவமதித்தார்கள். 1995இல் ஃபிஃபா அவருக்கு நேர்மை விளையாட்டு விருது வழங்கியது. ஆனாலும் அந்தக் கூச்சலைப் போட்டவர்கள் நம்மைப் போன்ற சாதாரண இரசிகர்களே.

"எல்லாரும்தானே செய்கிறார்கள்" என்பார்கள் சிலர். எல்லாரும் செய்வதில்லை. எங்கள் தம்பியின் கழகத்திடம் தோற்ற பையன்கள் செய்யவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள். அவர்களும் அதே வெயிலில் அதே அளவு ஓடினார்கள். மோசடி நடந்த போட்டியைப் பற்றிப் பேசும்போது வென்றவர்களின் பெயர் கெட்டதா இல்லையா என்றே வாதாடுகிறோம். தோற்றவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதை யார் கணக்கெடுக்கிறார்கள்?

பரீட்சை மண்டபத்திலும் இதுதான் நடக்கிறது. கொப்பியடித்துப் பெற்ற புள்ளி ஒரு தாளோடு நிற்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் ஒரு புள்ளியின் தசமத்துக்காகப் பின்தள்ளப்படும் சகோதரி ஒருத்தி எங்கோ இருக்கிறாள்.

கடைசியில் தம்பிக்கு நான் சொன்ன பதில் இது: "நீ ஓடினது பொய்யில்லை, அது உன்னுடையது. ஆனா அந்தப் பதக்கம் உன்னுடையதில்லை." இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. வாப்பாவும் முதலில் தயங்கினார். "நாளைக்கும் அந்தக் கழகத்தோடதானே பழகணும்" என்றார். மூன்றாம் நாள் தம்பி தானாகவே பதக்கத்தைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பொறுப்பாளரிடம் கொடுத்தான். காரணத்தையும் சொன்னான். இந்த வருடம் அவனை அணியில் சேர்க்கவில்லை. வயலில் மற்றவர்கள் விளையாடுவதை வரம்பிலிருந்து பார்த்துவிட்டு வருகிறான். சில நாட்களில் என்மீது கோபம்கூட வருகிறது அவனுக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மோசடி வெற்றியைக் கறைப்படுத்துமா என்றால், ஆம் என்பதே என் கருத்து. மோசடியால் வந்த கிண்ணம் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். நேர்மையாக வென்றது நிலைக்கட்டும். ஆனால் குற்றம் நடந்த வருடத்தையும் சேர்த்தே அணியின் வரலாற்றைச் சொல்லுவோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "வெண்டியா?" என்று கேட்கிறீர்கள். அதோடு "எப்படி வெண்டாய்?" என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டு அலுமாரியில் பதக்கம் தொங்கிய ஆணி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. உம்மா அதைப் பிடுங்கவில்லை. அடுத்த பதக்கம் வரட்டும் என்கிறார்.