நஷ்டஈடும் வேறு வேலையும்

வேலையில் காயம்பட்டு நஷ்டஈடு வாங்குகிற தொழிலாளி, மற்றோரிடத்தில் வேலை செய்யலாமா என்பது பற்றிப் பலவாறாகப் பேசப்படுகின்றது. "எல்லாம் மோசடி" என்கின்றார்கள் முதலாளிமார்கள். "ஏழை என்ன செய்தாலும் நியாயம்" என்கின்றார்கள், தொழிலாளர் பேரால் பேசும் சிலர். இரண்டையும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

முதலாவதாக, நஷ்டஈடு என்பது முதலாளி போடும் பிச்சையுமல்ல, கடவுள் கிருபையுமல்ல. 1923ம் வருஷத்துச் சட்டம் கொடுத்த பாத்தியதையாகும். இயந்திரத்திற்குச் சந்தனம் குங்குமம் அப்பி ஆயுதபூஜை செய்துவிட்டு, தடுப்புக் கம்பி போடாமல் விட்டவர்கள், கை போனவனைப் பார்த்து "உன் தலைவிதி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி செய்ததே அச்சட்டந்தான்.

ஆனால் இதில் இருவிதம் உண்டு. ஒன்று, காயம் ஆறும்வரை வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கொடுப்பது. வேலை செய்த நாளுக்கு இந்தப் பணம் கிடையாது என்று 1948ம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 63வது பிரிவு சொல்லிற்று. அப்படியிருக்க, பகலில் டாக்டர் சீட்டைக் காட்டிப் பணம் வாங்கி, இரவில் வேறு பட்டறையில் கூலி வாங்குவது பொய்யேயாகும். சாமி வந்ததாக ஆடிக் காணிக்கை வாங்கும் பூசாரியைப் பொய்யன் என்கிற நாம், இதை மாத்திரம் எப்படி மெய்யென்பது? அன்றியும், ஒருவன் அகப்பட்டால் உண்மையாய்க் கை ஒடிந்த பத்துப் பேர் பேரிலும் சந்தேகம் விழுகின்றது.

மற்றொன்று, நிரந்தரமாய் உறுப்பை இழந்ததற்குக் கொடுப்பது. இது போன சம்பாதிக்கும் சக்திக்கு விலையே தவிர, இனி வீட்டில் முடங்கிக்கிட என்னும் உத்தரவு அல்ல. இடது கையை இழந்த தச்சர் ஒருவருக்குப் பகுதி ஊனந்தான் என்று முதலாளி வாதாடியபோது, ஒற்றைக் கையால் தச்சுவேலை நடக்காது, அது முழு ஊனமே என்பதை 1975ல் உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்டவர் பிறகு ஒரு கடை வைத்துப் பிழைத்தால் அதை மோசடி என்பது அயோக்கியத்தனமல்லவா?

சரி, பொய் ஏன் பிறக்கின்றது? 1923ம் வருஷத்துச் சட்டப்படி தற்காலிக ஊனத்திற்கு அரைமாதத்திற்கு ஒருமுறை கிடைத்துவந்தது மாதக் கூலியில் நூற்றுக்கு 25 பாகம். அதாவது பாதிக் கூலி. ஈ.எஸ்.ஐ.யில் 90 பாகம். பாதிக் கூலிக்காரனுக்கு வீட்டு வாடகை பாதியாகுமா? பிள்ளைகள் வயிறு பாதியாகுமா? இதைக் கேளாமல் அவன் பின்னால் வேவுகாரனை அனுப்புகிறவர்களுக்கு யோக்கியம் பேச என்ன யோக்கியதை இருக்கின்றது? வெள்ளைக் காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு "உரிமையை விட்டுவிட்டான்" என்பவர்களும் இவர்களேயாவார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று அச்சட்டத்தின் 17வது பிரிவே கூறிற்று.

ஆதலால் தோழர்களே! லேசான வேலை செய்ய முடியுமானால் டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். பணம் கொடுக்கும் ஆபீசுக்கு மறைக்காமல் தெரிவியுங்கள். காயம் ஆறும்வரை முழுக்கூலி வேண்டும் என்று சங்கத்தின் மூலம் கேளுங்கள். நமக்கு வரவேண்டியதைத் தலைநிமிர்ந்து கேட்பதே சுயமரியாதை. பொய்யை மடியில் கட்டிக்கொண்டவன் தலை நிமிராது.