நாற்றம் நாயின் குற்றமல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். வளர்க்காதவர்கள், வளர்ப்பவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

ஐப்பசி மழை ஆரம்பித்தால் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வருகின்றன. "சார், நாய் நாத்தம் தாங்க முடியல. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. நம்ம ஊர்ல கொண்டு வந்து விட்டுடட்டுமா? அங்க இடம் நிறைய இருக்கு, பொழச்சுக்கும்." கேட்பவர்கள் கல் மனசுக்காரர்கள் இல்லை. ஆசையாக வாங்கி வளர்த்தவர்கள்தான். ஆனாலும் எல்லாருக்கும் என் பதில் ஒன்றே: கொண்டு வராதீர்கள்.

ஊரில் இடம் இருப்பது உண்மை. ஆனால் அந்த இடம் ஏற்கெனவே பங்கு போடப்பட்டது. ஒவ்வொரு தெரு நாய்க் கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. டைல்ஸ் தரையில் வளர்ந்த லாப்ரடாருக்கு அந்தச் சண்டையும் தெரியாது, லாரிக்கு ஒதுங்கவும் தெரியாது, தட்டு இல்லாமல் சாப்பாடு தேடவும் தெரியாது. செய்யாற்றங்கரையில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பினால், அது காரின் பின்னால்தான் ஓடும். அன்பை விட்டுவிட்டாலும் சட்டம் இருக்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11: தக்க காரணமில்லாமல், பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். நாற்றம் தக்க காரணம் ஆகாது. ஏனென்றால் அது பெரும்பாலும் தீர்க்கக்கூடிய விஷயம்.

இதில் இரண்டு கட்சி இருக்கிறது. "நாய்னா நாறத்தான் செய்யும்" என்பது ஒரு கட்சி. "தினமும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டு" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்த்துக் கொட்டாது. அப்படி வியர்ப்பது பாதங்களில்தான். அதன் தோலில் ஓர் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அதுதான் தோலுக்குக் காவல். நம் தோல் சற்று அமிலத் தன்மை உடையது. நாயின் தோல் அதைவிட நடுநிலைக்கு நெருக்கமானது. அதனால் நம் சோப்பும் ஷாம்பும் அதற்கு ஒத்துவராது. தினமும் தேய்த்தால் எண்ணெய்ப் பசை போய், தோல் வறண்டு, நாய் சொறிய ஆரம்பிக்கும். சொறிந்த இடத்தில் கிருமி சேரும், வாடை கூடும். சுத்தம் செய்யச் செய்ய நாறுகிறதே என்று குழம்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

மழையில் நனைந்த நாய் மட்டும் ஏன் அப்படி நாறுகிறது? தோலிலும் முடியிலும் எப்போதும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை உண்டாக்கும் வாடைப் பொருள்கள், ஈரம் ஆவியாகும்போது சேர்ந்து கிளம்பி நம் மூக்குக்கு வருகின்றன. ஈரம் உள்ளேயே தங்கினால் ஈஸ்ட் என்கிற பூஞ்சை பெருகி, புளித்த வாடை வரும். ஆகவே குளிப்பாட்டுவதைவிட முக்கியம் காய வைப்பது.

செய்ய வேண்டியதை வகுப்பில் சொல்வது போல வரிசையாகச் சொல்கிறேன்.

1. சீப்பு: குட்டை முடி நாய்க்கு வாரம் இரண்டு முறை, அடர்ந்த முடி நாய்க்கு தினமும் வாருங்கள். உதிர்ந்த முடியும் அழுக்கும் போனாலே வாடை நன்றாகக் குறையும். சிக்கை எடுத்த பிறகுதான் தண்ணீர். நனைந்த சிக்கு இறுகிவிடும்.

2. குளியல்: ஆரோக்கியமான நாய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். நாய்க்கென்று விற்கும் ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர். நுரை துளியும் மிஞ்சாமல் அலசுங்கள். அரைகுறையாக அலசினால் அரிப்பு வரும். வெயில் ஏறிய பிறகு குளிப்பாட்டுங்கள், சாயங்காலம் வேண்டாம்.

3. துவட்டல்: துண்டால் ஒற்றி எடுத்து, பிறகு மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். அக்குள், விரல் இடுக்கு, தொங்கும் காதின் அடிப்புறம் ஆகிய மூன்றும் காய்ந்ததா என்று கை வைத்துப் பாருங்கள்.

4. படுக்கை: நாயைக் குளிப்பாட்டி, பழைய நாற்றச் சாக்கிலேயே படுக்க வைத்தால் என்ன பயன்? விரிப்பை வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் போடுங்கள். கழுத்துப் பட்டையையும் சேர்த்துத் துவையுங்கள்.

5. உண்ணி: நாயிடம் இருப்பது கொஞ்சம்தான். மிச்சம் சுவர் விரிசலிலும் கூண்டு மூலையிலும் இருக்கும். குளியலால் மட்டும் ஒழியாது. மருத்துவர் சொல்லும் மருந்தோடு இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே எடுத்துவிடும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பினாயில், பிளீச்சிங் பவுடர், கற்பூரம், மண்ணெண்ணெய் எதையும் நாயின் மேல் போடாதீர்கள். நாய் தன்னைத் தானே நக்கும். மேலே போட்டது வயிற்றுக்குள் போகும். நம் சென்ட்டும் வேண்டாம். நம் மூக்கைவிட பல மடங்கு கூர்மையான மூக்கு அதனுடையது. நமக்கு மணம், அதற்குத் தண்டனை.

இத்தனையும் செய்த பிறகும் இரண்டு மூன்று நாளில் வாடை திரும்புகிறதா? அப்போது அது அழுக்கு இல்லை, நோய். தலையை உதறிக் காதைச் சொறிந்தால் காதில் புண் இருக்கலாம். வாய் நாறினால் பல் ஈறு கெட்டிருக்கலாம். மீன் வாடையோடு பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தால் ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருக்கலாம். வாயில்லா ஜீவன் நம்மிடம் முறையிட வேறு வழி இல்லை. அந்த வாடைதான் அதன் பேச்சு. கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வருடாந்திர வெறிநாய்த் தடுப்பூசியையும் அப்படியே போட்டுவிடுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாப்ரடார் போன்ற குளிர்நாட்டு இனங்களுக்கு இரட்டை அடுக்கு முடி. நம் மழையில் உள்ளடுக்கு எளிதில் காயாது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் குட்டை முடி. துண்டால் துடைத்தாலே காய்ந்துவிடும். ராஜபாளையத்துக்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் அவை ஓடி வளர்ந்த வேட்டை நாய்கள். பால்கனியில் கட்டிப்போட ஏற்றவை அல்ல. அதைவிட நம் தெருக்குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தால் இன்னும் நல்லது. மழையோ வெயிலோ, இந்த மண்ணுக்குப் பழகிய உடம்பு.

எந்த இனமானாலும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அதற்கென்று ஒதுக்க முடியுமா என்று முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாங்கியாயிற்று என்றால் சீப்பைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஓர் உயிரைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

உங்கள் வீட்டு நாயின் பெயரைக் கீழே எழுதுங்கள். கடைசியாக எப்போது சீவினீர்கள் என்பதையும் எழுத வேண்டும். வீட்டுப்பாடம்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், மாகறல்