ஈரத்தையும் கணக்கில் கொள்ளும் குளிர்ச்சி

பழைய ரப்பர்த் தோட்ட நிலங்களில் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகள் எழுந்துள்ள மலேசியாவின் செமோரில், குளிர்சாதனம் பெரும்பாலும் அறையின் பரப்பைப் பார்த்து இத்தனை குதிரைத்திறன் என்று வாங்கப்படுகிறதே தவிர, அது நீக்க வேண்டிய ஈரம் எவ்வளவு என்பது கேட்கப்படுவதில்லை. மலேசியத் தரநிலையான எம்எஸ் 1525, வடிவமைப்புக்குரிய வெளிப்புற வெப்பநிலையை 33.3 டிகிரி செல்சியஸ் என்றும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவான ஈரக்குமிழ் வெப்பநிலையை 27.2 டிகிரி என்றும் கொள்கிறது. நீரைக் காற்றில் நேரடியாக ஆவியாக்கும் கருவி இந்த இரண்டாம் அளவுக்குக் கீழே குளிர்விக்க முடியாது என்பதால், ராஜஸ்தானின் வறண்ட கோடையில் பெருந்துணையாகும் ஏர் கூலர், செமோர் அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கில் புழுக்கத்தையே கூட்டுகிறது. தேவைக்கு மிஞ்சிய குளிர்சாதனமும் தீர்வன்று: அது அறையை விரைவில் குளிரவைத்து நின்றுவிடுவதால், காற்றிலுள்ள நீராவி குளிர்சுருளில் படிந்து வடியப் போதிய நேரம் கிடைக்காமல், குளிரும் பிசுபிசுப்பும் ஒருங்கே தங்கிச் சுவரில் பூஞ்சை படர வழியாகிறது. சரியான அளவைத் தேர்வதில் எம்எஸ் 1525 போன்ற பொதுத் தரநிலை தொடக்கப் புள்ளி மட்டுமே. பிற்பகல் இடிமழை ஓய்ந்ததும் வெப்பம் தணிந்து ஈரப்பதம் ஏறும் இப்பகுதியின் போக்கை, அருகிலுள்ள ஈப்போ வானிலை நிலையத்தின் பதிவுகளே காட்டும். செமோரில் இனிக் கட்டப்படும் பள்ளிக்கும் மண்டபத்துக்கும், அப்பதிவுகளைப் பெற்று ஆராய்ந்த பின்பே வடிவமைப்பாளர்கள் கருவியின் அளவை முடிவு செய்ய வேண்டும்.