எல்லோருக்கும் ஒரே காற்று

எங்கள் எதிர் வீட்டில் ஒரு மாமி இருக்கிறார். அவர் வீட்டில் இரவு எட்டு மணியானால் வைஃபை படுத்துவிடும். அமெரிக்காவில் இருக்கும் மகளின் முகம் திரையில் பாதிப் பேச்சில் உறைந்து நிற்கும். கஸ்டமர் கேரில், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்றார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றதும், "நூறு எம்பிபிஎஸ் பத்தாது, முந்நூறு பிளானுக்கு மாறிடுங்க" என்றார்கள். மாறினார். மாதாமாதம் கூடுதல் பணம் போகிறது. மகளின் முகம் உறைவது நிற்கவில்லை.

பிளானை மாற்றச் சொல்லும் இந்த வியாபாரத்தை பலமுறை திட்டியிருக்கிறேன். இப்போதும் திட்டுகிறேன். வீட்டு வாசல் வரை வரும் லைன் வேறு, வீட்டுக்குள் இருக்கும் காற்று வேறு. எதில் கோளாறு என்று பார்க்க ஒரு லேன் கேபிள் போதும். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்குச் செருகி வேகத்தைப் பாருங்கள். கேபிளிலும் வேகம் வரவில்லை, எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால் ஃபைபரில் பழுது. ஆள் வந்துதான் ஆகவேண்டும். கேபிளில் சரியாக வந்தால் லைனைக் குறை சொல்ல முடியாது. மாமி வீட்டில் கேபிளில் முந்நூறும் வந்தது. கேபிளைப் பிடுங்கிவிட்டு அதே நாற்காலியில் வைஃபையில் பார்த்தால் நாலு, ஐந்து. போனில் இதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் அதைச் சொல்லாமல் பெரிய பிளானை விற்றது அநியாயம்.

போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் எங்கள் பிளாக்கின் ரவுட்டர்கள் பாதிக்குமேல் ஆறாம் சேனலில், வளைவின் மேல் வளைவாக ஏறி உட்கார்ந்திருந்தன. நம் நாட்டில் இந்த அலைவரிசையில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் வழக்கமாக ஒன்றின் மேல் ஒன்று படாமல் வைக்க முடிவது 1, 6, 11 என்ற மூன்றைத்தான். இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை எடுத்து ஹாலில் உயரமாக வைத்து, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். மகள் தடங்கலில்லாமல் பேசினாள்.

எனக்கு அந்த வளைவுகள்தான் மனதில் நின்றன. இவ்வளவு நெரிசலில், மேற்பார்க்க யாருமே இல்லாமல், ஏதோ ஒரு தகவலாவது எப்படிப் போய்ச் சேர்கிறது?

பதில் ஹவாயில் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த நார்மன் ஏப்ரம்சன், கடலலையில் சறுக்கி விளையாடுவதில் ஆசை கொண்டவர். தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்களை ஓவாஹு தீவிலிருந்த கணினியோடு வானொலி அலையில் இணைக்க அவருடைய குழு முனைந்தது. 1971 ஜூனில் அலோஹாநெட் என்ற அந்த வலையமைப்பு ஓடத் தொடங்கியது. வேகம் நொடிக்கு 9,600 பிட். கணினிக்கு அனுப்ப எல்லா முனையங்களுக்கும் ஒரே அலைவரிசை. யாருக்கு எப்போது முறை என்று ஒதுக்கவே இல்லை. சொல்ல இருந்தால் அனுப்பு. கிடைத்தது என்று பதில் வராவிட்டால் இன்னொருவருடையதோடு மோதியிருக்கும், ஏதோ ஒரு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. எவ்வளவு பொறுப்பது என்பதை அதிர்ஷ்டத்திடம் விட்டதில்தான் சூட்சுமம். இருவரும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடி மோதிக்கொள்வார்கள் அல்லவா?

இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று ஏப்ரம்சனே கணக்குப் போட்டுச் சொன்னார். வீணாவது தெரிந்தும் எளிமையைத் தேர்ந்தெடுத்த அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாப் மெட்காஃப் என்ற பொறியாளர் ஏப்ரம்சனின் கட்டுரையைப் படித்து, 1973-இல் கணினிகளைக் கேபிளில் இணைக்கும் ஈதர்நெட்டை யோசித்தார். பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அதில் சேர்ந்தது. 1997-இல் முதல் வைஃபை தரவிதி வந்தபோது அதிலும் இதே ரத்தம்: முதலில் கேள், காற்று ஓய்ந்ததும் ஏதோ ஒரு சில மைக்ரோநொடி பொறு, பிறகு பேசு, பதில் வராவிட்டால் பொறுக்கும் எல்லையை இரட்டிப்பாக்கு. இரவு எட்டு மணிக்கு எல்லா வீடும் விழித்திருக்க, பொறுப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. முந்நூறு எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டினாலும் வரிசை குறையாது. சிக்னல் எட்டாத மூலையில் கிடக்கும் பழைய போன் ஒன்று, தன் முறை வந்ததும் மெதுவாகப் பேசி, மற்றவர்களின் நேரத்தையும் தின்றுவிடும்.

வைஃபை 6-இல் ரவுட்டரே தன் வீட்டுக் கருவிகளுக்கு முறை ஒதுக்கித் தர முடியும். பக்கத்து வீட்டு ரவுட்டரின் மேல் அதற்கு அதிகாரம் கிடையாது. அங்கே இன்னும் ஏப்ரம்சன் சொன்னபடி பொறுத்துத்தான் பேசியாகவேண்டும்.