மஜ்ஜையில் நாளம் எண்ணுவது

மல்டிபிள் மைலோமா வகுப்புகளில் தாலிடோமைடை இன்றும் ‘ரத்த நாள வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து’ என்றே பலர் சொல்லிக்கொடுக்கிறோம். அது அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. கட்டி வளரப் புது நாளங்கள் வேண்டும் என்று ஜூடா ஃபோக்மன் எழுதியது 1971இல். மைலோமா மஜ்ஜையில் நாளங்கள் பெருகுவதை இத்தாலியில் வாக்கா குழுவினர் 1994இல் காட்டினார்கள். 1999இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில், பெரும்பாலும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் கைவிட்டிருந்த 84 பேருக்குத் தாலிடோமைடு கொடுத்துப் பார்த்ததில், 32 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது.

அதே கட்டுரையில் இன்னொரு வரியும் உண்டு: பலன் கண்டவர்களின் மஜ்ஜையில் நாள அடர்த்தி குறிப்பிடும்படி மாறவில்லை. அதை நாம் அவசரமாகத் தாண்டிவிட்டோம். மருந்து செரிப்ளான் புரதத்தைப் பற்றுகிறது என்பது 2010இல் தெரிந்தது. அதே குடும்பத்து லெனலிடோமைடு செரிப்ளான் வழியாக இகாரோஸ், அயோலோஸ் புரதங்களைச் சிதைக்கிறது என்பது 2014இல். நாள வளர்ச்சிக் காரணியை நேராகத் தடுக்கும் பெவாசிசுமாபோ மைலோமாவில் சொல்லும்படி எதையும் சாதிக்கவில்லை.

நாளங்களை எண்ணும் முறையிலேயே சிக்கல் இருக்கிறது. சிடி34 சாயம் நாளச் சுவரில் மட்டுமா பிடிக்கிறது? ஏஎம்எல் ட்ரெஃபைனில் பிளாஸ்ட் செல்களும் பழுப்பாக நிற்கும்; அவற்றுக்கு நடுவே ஒடுங்கிய நுண்குழாயைப் பிரித்துப் பார்ப்பது சிரமம். சிடி31க்கு மாறினால் மெகாகேரியோசைட்டும் பிளாஸ்மா செல்லும் குறுக்கே வரும். நாளம் அடர்ந்த இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுத்து எண்ணுவதால், ஒரே ஸ்லைடுக்கு இருவர் இரண்டு எண் சொல்வதில் வியப்பில்லை. கால்சியம் நீக்க அமிலத்தில் துண்டைக் கூடுதலாக ஊறவிட்டால் சாயமே ஏறாமல் போகலாம்.

எண்ணுவதைவிட நாளத்தின் தன்மையை எழுதுவது பயன் தரும் என்பது என் கருத்து. மைலோஃபைப்ரோசிஸில் சைனுசாய்டுகள் விரிந்து, உள்ளேயே மெகாகேரியோசைட்டுகள் தென்பட்டால், ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்கலாம். போயம்ஸ் நோய்க்குறியிலோ நாள எண்ணிக்கை அல்ல, ரத்தத்தில் நாள வளர்ச்சிக் காரணியின் அளவு முக்கியமான கண்டறிதல் அளவுகோல்களில் ஒன்று. புற நரம்பு நோய்க்குச் சிஐடிபி என்று மருந்து கொடுத்தும் குணமாகாதவருக்கு இந்தச் சோதனையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நாள அடர்த்தி பற்றி இவ்விதழுக்கு வரும் ஆய்வுகளில் கால்சியம் நீக்கிய முறை, சாயம், எண்ணிய புலங்கள், நோய் விவரம் தெரியாத இருவர் தனித்தனியே எண்ணினார்களா என்பவை இருந்தாக வேண்டும். இல்லாதவற்றை மதிப்பாய்வுக்கு அனுப்ப மாட்டோம்.